அன்னம் போட்ட கோட்டு

— கழட்டு அதை மொதல்ல. உங்க நைனா வர்றதுக்குள்ள கழட்டிடு லேகா.

— இன்னா சித்தி, இவ்ளோ நேரம் சும்மா பூ கட்டிக்கினு இருந்தே. என்னைப் பார்த்ததும் நூலை அறுத்துட்டே.

— படையல் வெக்கிற வூட்ல கோட்டு மாட்டிக்கினு நிக்கிறியே, அதான். அடுத்த வாரம் கல்யாணம் ஆவப்போற பொண்ணு நீ. பூவாடைக்காரி பார்த்துக்கினு கீறா.

— பூவாடைக்காரி, பூவாடைக்காரின்னு யாரோ சாமி மாதிரி சொல்றே. எங்க அம்மாதானே அது?

— உங்க அம்மாதான். எங்க அக்காதான். ஆனா தாலியோட போனவளாச்சே, அதுக்கப்புறம் அவ வூட்டுச் சாமி. எலை போட்டு, புதுப்பொடவை வெச்சி, அவகிட்ட உத்தரவு வாங்காம இந்த வூட்ல ஒரு நல்லது நடக்குமா? போ கண்ணு, போய் தாவணி கட்டிக்கினு வா.

— பிடிக்கலையா இந்தக் கோட்டு?

— எங்க வாங்கினே?

— செகண்ட் ஹேண்ட்தான். எங்க ஒரகடம் கம்பெனில ஒரு ஜப்பான் மேடம் இருந்தாங்கன்னு சொன்னேன்ல? ஊருக்குத் திரும்பிப் போறப்போ அலமாரி சாமானெல்லாம் வித்துட்டுப் போனாங்க. இதை எடுத்துக்கிட்டேன். சயோகோ இனாமின்னு ஒரு ஜப்பான் டிசைனர். அவங்க பண்ணது.

— டிசைனு. தையலை உள்ள வெக்காம வெளிய வெச்சிருக்கா. ஒரு கை நெட்டை, ஒரு கை குட்டை. நம்ம டெய்லர் சிட்டம்மாள் இப்படித் தெச்சிருந்தா தலைலயே ரெண்டு குட்டி அனுப்பியிருப்பேன்.

— அவங்க வேலையே அப்படித்தான் சித்தி. புதுத்துணியைத் தொடவே மாட்டாங்க. யாரோ ஒரு பொம்பளை கட்டின பொடவையைத்தான் வெட்டுவாங்க. கறை, கிழிசல் எதையும் மறைக்க மாட்டாங்க. இங்க பாரு, கற்பூரம் பட்ட ஓட்டை. இதைச் சுத்திப் பூ மாதிரி தெச்சிருக்காங்க.

— யாரோ கட்டினதா...

— ஏன் அந்த ஓட்டையையே தடவிக்கினு இருக்கே?

— ஒண்ணுமில்ல. திரும்பு. முதுகைக் காட்டு.

— அன்னத்தைப் பார்க்கிறியா?

— சும்மா நில்லுடி.

— நாலு அன்னம் ஒரு பக்கமா போவுது. அஞ்சாவது மட்டும் பின்னாடி திரும்பிக்கினு நிக்குது. வெளிநாட்டு டிசைன்னு எங்க ஆபீஸ்ல சொன்னாங்க.

— எந்த வெளிநாடு? உங்க தாத்தா தறில வந்த வெனை அது. தறில அன்னம் வுழுற டிசைன் அட்டையைக் கோக்க சொல்ல மாத்திக் கோத்துட்டாரு. பாதிப் பொடவை நெய்ஞ்சப்புறம்தான் கண்ணுல பட்டுது. மொதலாளி எனக்கு வேணாம்னுட்டாரு. அக்கா என்னா சொல்லிச்சு தெரியுமா? இதையே நான் கூரைப்பொடவையா கட்டிக்கிறேன், என் பொடவை வேற எவகிட்டயும் இருக்காதுன்னு சொல்லிச்சு.

— வேற யாருகிட்டயும் இல்ல, சரி. அந்தப் பொடவை இப்ப எங்க?

— எரிஞ்சிபோச்சு.

— நீ பார்த்தியா?

— இன்னா கேள்வி இது? மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் காய்ச்சல்னு உங்க நைனா இட்டுக்கினு போனாரு. நாலு நாள் கயிச்சி சாம்பல் சட்டியும் கையுமா வந்தாரு. தொத்து நோயாம், பொணத்தை ஊருக்குக் குடுக்க மாட்டேன்னுட்டாங்களாம். நானே கூரைப்பொடவை போத்தி வழியனுப்பிட்டேன்னு சொல்லி, தோ இந்த நடைலதான் வுயுந்து அழுதாரு. நீ என் இடுப்புல இருந்தே.

— போத்தி எரிச்ச பொடவை என் முதுகுல எப்படி வந்துது?

— எவனாவது உருவியிருப்பான். ஆஸ்பத்திரில கொறைவா திருடனுங்க? உருவி, பழம்பட்டு வாங்குறவன்கிட்ட போட்டிருப்பான். அவன் அந்த ஜப்பான்காரிகிட்ட வித்திருப்பான். இதை வெச்சிக்கினு பேஜார் பண்ணாத.

— அதான் சித்தி இடிக்குது. அந்த டிசைனர் வியாபாரிங்ககிட்ட வாங்கவே மாட்டாங்க. கட்டினவங்க கையிலேர்ந்துதான் வாங்குவாங்க. அவங்க வூட்டுக்கே போய் உக்காந்து பேசி, கடைசியா ஒரு தடவை இந்தப் பொடவையைக் கட்டிக்கங்கன்னு சொல்லி, பின்னாடிலேர்ந்து ஒரு போட்டோ எடுப்பாங்க. முகம் வராது. அந்தப் போட்டோவை கோட்டு உள்துணில அச்சடிச்சிடுவாங்க. போட்டுக்கறவங்க முதுகும் கட்டினவங்க முதுகும் ஒட்டிக்கினு இருக்கணுமாம்.

— போதும், கழட்டி அந்தாண்ட வெய்யி.

— கழட்டச் சொன்னியே. இந்தா, கழட்டிட்டேன். உள்பக்கத்தைப் பாரு.

— வேணாம்.

— பாரு சித்தி.

— கண்ணாடி இல்ல எனக்கு.

— நெத்தில ஏத்தி வெச்சிருக்கே.

— யாரோ பொம்பளை. ஜன்னலாண்ட நிக்குது.

— எப்படி நிக்குது?

— ஒத்தக் காலைத் தூக்கி இன்னொரு காலு மேல வெச்சிக்கினு... கொக்கு மாதிரி. அடுப்பாண்ட அப்படித்தான் நிக்கும். எங்க அம்மா கரண்டியாலயே அடிக்கும், கொக்கு, காலைக் கீய வையின்னு. வெக்காது. கடைசி வரைக்கும் வெக்கல.

— பின்னலைப் பாரு.

— பார்த்துட்டேன்.

— சொல்லு.

— நரைச்சிருக்கு.

— அம்மா போவ சொல்ல என்ன வயசு?

— இருவத்தாறு. முட்டி வரைக்கும் தொங்கும் முடி. மை மாதிரி இருக்கும். லேகா, ஒரு சொம்புத் தண்ணி குடு.

— உக்காரு. மெதுவா குடி.

— அப்ப நான் வருஷா வருஷம் எலை போட்டது யாருக்கு? பொடவை வெச்சி, உன் புருஷனையும் பொண்ணையும் நல்லா பார்த்துக்கிறேன் அக்கா, என்னை மன்னிச்சிடுன்னு வுயுந்து கும்புட்டது யாரை? உசிரோட கீறவளைச் சாமியாக்கிட்டு, அவ புருஷன் கூட குடித்தனம் பண்ணிக்கினு... நான் இந்த வூட்ல யாருடி?

— சத்தம் போடாத. கோவிந்தம்மாள் பின்கட்டுலதான் பாத்திரம் தேய்க்கிறாங்க.

— கேக்கட்டும். ஊரே கேக்கட்டும். அந்த மனுஷன் காவாந்தண்டலத்துக்கு மாலை வாங்கப் போயிருக்காரு. செத்துப்போன பொண்டாட்டிக்கு மாலை. வரட்டும்.

— சித்தி, ஒண்ணு கேக்கறேன். கோவப்படாம சொல்லு. நெசமாவே உனக்குத் தெரியாதா?

— என்னையா கேக்கற நீ?

— உன்னைத்தான். இதைப் போட்டுக்கினு உன் முன்னாடி வந்து நின்னதே அதுக்குத்தான். ஒரு மாசமா இது என் ஹாஸ்டல் பெட்டில கெடக்குது. அம்மா கல்யாண போட்டோல இதே அன்னத்தைப் பார்த்ததும் அந்த டிசைனருக்கு எழுதி விசாரிச்சேன். நீயும் சேர்ந்து என்னை ஏமாத்தியிருந்தா, இந்தக் கல்யாணத்துக்கு உன்னைக் கூப்பிடவே கூடாதுன்னு இருந்தேன்.

— ஒரு மாசமா மனசுல வெச்சிக்கினு என்கிட்ட போன்ல சிரிச்சி சிரிச்சிப் பேசினியா?

— ஆமா.

— உங்க நைனா பொண்ணுதான் நீ. தோ பாரு. தெரிஞ்சிருந்தா நான் இந்தத் தாலிய வாங்கியிருப்பனா? கல்யாணம் வேணாம், கொயந்தைய மட்டும் குடுங்க, வளர்க்கிறேன்னுதான் சொன்னேன். ஊரு வுடல. அக்கா எடத்துக்குத் தங்கச்சி வர்றதுதான் மொறைன்னுச்சு. பத்தொன்பது வயசு எனக்கு.

— தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்.

— தெரியாது.

— சரி.

— இன்னா சரி? உசிரோட கீதுன்னா, ஏன் வரல? என்னை வுடு, நான் தங்கச்சி. பெத்த பொண்ணு நீ. காதுகுத்துக்கு வரல, பெரிய மனுஷி ஆன அன்னிக்கு வரல. எந்த ஆத்தா இப்படி இருப்பா?

— அதையேதான் நானும் கேட்டேன்.

— யாரை?

— தெருமுனைல ஆட்டோல உக்காந்துகினு கீது, சித்தி. அது என் தங்கச்சி வூடு, அவ வந்து கூப்ட்டாதான் எறங்குவேன்னு சொல்லுது.