மணி அடித்தால் உள்ளறை

வெள்ளானூரின் இந்த அடுக்குமாடிக் குடியிருப்பு ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் சங்கத் தலைவர், பெருமதிப்புக்குரிய சம்பந்தம் அவர்களே! எங்கெங்கோ பிறந்து, இங்கே வந்து இடம் பிடித்து, இரவும் பகலும் உழைக்கும் என் இனிய சகோதரர்களே! ஆக்கிவைத்துவிட்டு அரக்கப்பரக்க ஓடிவந்து அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! கீழே இறங்கச் சோம்பல்பட்டு, பால்கனியில் நின்றபடியே பேச்சுக் கேட்கும் பெரியோர்களே! சிரிக்காதீர்கள் ஐயா, அவர்களும் நம்மவர்கள்தான். வாசலில் காவல் நிற்கும் தம்பி தேவா அவர்களே! நிறைவாக, இந்தப் பந்தலுக்கு அழைத்துவரப்படாமல், எங்கெங்கோ உள்ளறைகளில் கதவு சாத்தி உட்கார வைக்கப்பட்டிருக்கும் குழந்தைகளே! உங்கள் அனைவர் முன்னும் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

என் பெயர் உத்தமன். ஏ பிளாக், இரண்டாம் தளம். ஆவடியில், ராணுவத்துக்குத் தளவாடம் செய்யும் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன். ‘பிள்ளை வளர்ப்பு’ என்று தலைப்புக் கொடுத்து, ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். ஆனால் வளர்த்துக் காட்டியவனாகப் பேசவில்லை. கெடுத்துவிட்டு நிற்பவனாகப் பேசுகிறேன்.

என் மகள் பவ்யாவுக்குப் பதினாறு வயது. பேச்சு வராது. ஆட்டிசம் என்று மூன்று வயதிலேயே மருத்துவர் சொல்லிவிட்டார். மகிழ்ச்சி வந்தால் இரண்டு கைகளையும் உதறிக்கொண்டு உரக்கக் கத்துவாள். அழுகை வந்தாலும் அதே கத்தல்தான். எது சிரிப்பு, எது அழுகை என்று என் மனைவி மைதிலிக்குத்தான் தெரியும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இங்கே குடிவந்தோம். வந்த வாரமே நான்கு விருந்தினர் வந்தார்கள். அவர்கள் தட்டிலிருந்த லட்டைப் பவ்யா எடுத்துக் கடித்துவிட்டு, மிச்சத்தை அதே தட்டில் வைத்தாள். சிரித்தார்கள். போனார்கள். திரும்பி வரவே இல்லை. அடுத்த மாதம் லிஃப்ட் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘குடியிருப்போர் அமைதி கருதி, ஏ பிளாக் இரண்டாம் தளத்துச் சிறுமியைப் பொது இடங்களில் விடாமல் பெற்றோர் ஒத்துழைக்க வேண்டும்.’

தலைவர் அவர்களே, எழுந்திருக்காதீர்கள். அன்றைக்கு நீங்கள் செயலாளர். கையெழுத்து உங்களுடையது. ஆனால் பாடம் நடத்தியவன் நான்.

என்ன பாடம்? எங்கள் தொழிற்சாலையில் சங்கு ஊதினால் ஆயிரம் பேர் ஒன்றாக எழுவோம், ஒன்றாக நடப்போம். ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்கமாட்டோம். சங்கு ஊதினால் கால் தானாக நகரும். அந்தப் பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் வீட்டு அழைப்பு மணி குருவிபோலக் கத்தும். குருவி கத்தியதா? பவ்யா உள்ளறைக்குப் போகவேண்டும். கதவைத் தாழிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து கையை நீட்டவேண்டும். அந்தக் கையில் ஒரு கடலை மிட்டாய். காலையில் பத்து முறை, மாலையில் பத்து முறை. நான் வெளியே நின்று மணி அடிப்பேன், மைதிலி உள்ளே நின்று மிட்டாய் கொடுப்பாள். முதலில் திறந்த கதவோடு, பிறகு தாழிட்ட கதவோடு. “வேணாங்க, பாவமா இருக்கு. நம்ம புள்ளைய நாமளே ஒளிச்சு வைக்கிறோம்” என்றாள் மைதிலி. “பழகிட்டா அவளுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி” என்றேன் நான். இரண்டு ஆண்டுகள் உழைத்தோம். எழுத்து வராத என் மகளுக்கு, எண்ணிக்கை வராத என் மகளுக்கு, இந்த ஒரு பாடம் பிசகாமல் வந்தது. நான் பெருமைப்பட்டேன்! கேளுங்கள் தாய்மார்களே, பெருமைப்பட்டேன்!

அங்கே ஒரு குழந்தை அழுகிறது. அம்மா, எழுந்து போகாதீர்கள். அழட்டும். என் பேச்சு கெட்டாலும் பரவாயில்லை, உட்காருங்கள் தாயே. என் மகளை இப்படி வெளியே தூக்கிக்கொண்டு போய்ப் போய்த்தான் நான் இங்கே வந்து நிற்கிறேன்.

போன ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினோரு மணி. நான் வேலையில் இருந்தேன். மைதிலி சமையலறையில் விழுந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. விழுந்த சத்தம் கேட்டு எதிர்வீட்டு ரேணுகா ஓடிவந்து மணி அடித்தார். திறக்கவில்லை. பிறகு தேவா வந்தார். மணி அடித்தார், தட்டினார், மீண்டும் மணி அடித்தார். முன்கதவுத் தாழ்ப்பாளைத் திறக்கத் தெரிந்த ஒரு பெண் உள்ளே இருந்தாள். குருவி கத்தியது. அவள் உள்ளறைக்குப் போனாள்.

நாற்பது நிமிடம் கழித்துக் கடப்பாரையால் கதவை உடைத்தார்கள். நான் வந்து சேர்ந்தபோது தேவா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. “சார், நான் பெல்லு அட்ச்சிகினே இருந்தேன் சார். பாப்பா உள்ள நடக்குற சத்தம் நல்லா கேட்டுது. அப்பால இன்னாத்துக்கு சார் தொறக்கல?”

உள்ளே போனவர்கள் தாங்கள் பார்த்ததைச் சொன்னார்கள். மைதிலியின் தலைக்கடியில் பவ்யாவின் தலையணை இருந்தது. மேலே பவ்யாவின் போர்வை இருந்தது. அப்படியென்றால் அவள் அம்மாவை விட்டுப் போகவில்லை ஐயா! மணி ஓய்ந்தபோதெல்லாம் ஓடிவந்திருக்கிறாள். ஒருமுறை தலையணையோடு வந்திருக்கிறாள், ஒருமுறை போர்வையோடு வந்திருக்கிறாள். மணி அடித்தபோதெல்லாம், நான் கற்றுக்கொடுத்தபடி, உள்ளே திரும்பியிருக்கிறாள். உதவிக்கு வந்தவர்கள் அடித்த ஒவ்வொரு மணியும் அவளை அம்மாவிடமிருந்து பிரித்தது. தாழிட்டிருந்த உள்ளறையையும் நெம்பித் திறந்து பார்த்தபோது, கட்டிலில் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாளாம். மிட்டாய்க்காக.

“இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாம்” என்றார் மருத்துவர். மூன்றாம் நாள் மைதிலி போய்விட்டாள்.

கை தட்டாதீர்கள். யார் அது பின்னால்? வேண்டாம்.

யார் அவளைக் கொன்றது? அந்தத் தாளா? அந்த மணியா? அந்த மகளா? மகள் இல்லை! சத்தியமாக மகள் இல்லை! ஊர் முகம் சுளிக்கும் என்று அஞ்சி, பெற்ற பிள்ளையை மறைத்துவைத்த நான். மறைத்துவைத்தால் அமைதி என்று மகிழ்ந்த நீங்கள். என் பங்கை நான் சொல்லிவிட்டேன். உங்கள் பங்கை நீங்கள் வீட்டுக்குப் போய் எண்ணிப்பாருங்கள்.

இப்போது நான் வேலையை விட்டுவிட்டு அவளோடு இருக்கிறேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. சர்க்கரை இருக்கிறது. போன மாதம் ஒருமுறை கண்ணை இருட்டிக்கொண்டு வந்து சுவரைப் பிடித்து உட்கார்ந்தேன். நாளைக்கு அதே சமையலறையில் நான் விழுந்தால்? நீங்கள் வந்து மணி அடித்தால்? அவள் என்ன செய்வாள்? எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு எதற்கும் எனக்குப் பயமில்லை, இதற்குத்தான்.

அதனால் பாடத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். மணி அடித்தால் முன்கதவு, மிட்டாயும் முன்கதவில். பத்து மாதமாகப் பழக்குகிறேன். நான் அடித்தால் திறக்கிறாள், என் காலடி அவளுக்குத் தெரியும். ரேணுகா அடித்தால் கூடத்துவரை வந்து நிற்கிறாள். தேவா அடித்தால் உள்ளறை வாசலில் தயங்குகிறாள். பால்காரரோ கூரியர்காரரோ அடித்தால் ஓடிப்போய்த் தாழிட்டுக்கொள்கிறாள். ஏனென்றால் உங்களில் வேறு யாரும் அடிப்பதே இல்லையே! அறுபது வீடுகள் இருக்கின்றன இந்தக் குடியிருப்பில். அறுபது விரல்களில், ரேணுகாவின் விரலைத் தவிர, ஒன்றுகூட என் வீட்டு மணிமேல் படவில்லையே! கதவை மூடுவதை நான் தனியாகக் கற்றுக்கொடுத்துவிட்டேன். திறப்பதை என்னால் தனியாகக் கற்றுக்கொடுக்க முடியவில்லை.

இந்த மேடையில் பொன்னாடை கேட்கவில்லை, பரிதாபம் கேட்கவில்லை. வாருங்கள் என்று கேட்கிறேன். நாளைக் காலை பதினோரு மணி. தலைவர் அவர்களே, முதல் ஆளாக நீங்கள் வாருங்கள். மணியை அடியுங்கள். உடனே திறக்காது. உள்ளே கத்தல் கேட்கலாம், ஓடும் சத்தம் கேட்கலாம், தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்கலாம். திறக்காமலே போகலாம். அப்படியென்றால் மறுநாள் வாருங்கள். நான் உள்ளே இருப்பேன், ஆனால் நான் திறக்கமாட்டேன்.

பொறுமையாகக் கேட்டீர்கள். நன்றியை இங்கே சொல்லப்போவதில்லை, என் வீட்டு வாசலில் சொல்கிறேன். மிட்டாய் வாங்கிவர வேண்டாம், என்னிடம் இருக்கிறது. அவள் திறக்கும்வரை நின்றால் போதும். வணக்கம்.