கையைக் காட்டாத காட்சி

படம் ஓடும்போது நடுவில் எழுந்துபோகிறவர்களை எனக்குப் பிடிக்காது. என் தம்பி இயக்கிய கொலைப் படத்தில் அப்படி யாரும் எழுந்துபோனதில்லை.

நீங்கள் பார்த்ததில்லை என்றீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. கணவன் மனைவியை மாடிப்படியிலிருந்து தள்ளிவிடுகிறான். தள்ளும் கை திரையில் வராது. கீழ்வீட்டில் துணி மடிக்கும் பெண்ணின் முகம் மட்டும்தான் தெரியும். மேலே ஏதோ உருளும் சத்தம். அவள் கை நிற்கிறது. பிறகு மறுபடி மடிக்கத் தொடங்குகிறாள். மட்டமான இயக்குநர் என்றால் கையைக் காட்டியிருப்பார் என்று அந்தப் படத்தைப் பற்றிய என் புத்தகத்தில் எழுதினேன். எங்கள் குடும்பத்தின் பெயர் நிற்பதே அந்த ஒரு காட்சியால்தான்.

தம்பி போய் ஒரு வருடமாகிறது. படத்தின் ஐம்பதாம் ஆண்டுக் கூட்டத்தில் பேசும்படி அவன் மனைவியை அழைத்திருந்தார்கள். அவள் அந்தக் காலத்தில் படத்தொகுப்பு மேசையில் அவனுக்கு உதவியாக இருந்தவள். என்ன பேசப்போகிறாய் என்று முந்தின நாள் காலை கேட்டேன்.

"உள்ளதைத்தான் மாமா. கையைக் காட்டியே ஆகணும்னு உங்க தம்பி ஒத்தக் கால்ல நின்னார். நான்தான் வெட்டினேன். பத்து நாள் என்னோட பேசல. ஊரே புகழ்ந்ததும் தானே செஞ்சதா நம்பிட்டார்."

செத்தவன் எழுந்து வந்து மறுக்கமாட்டான் என்ற தைரியமா என்றேன்.

"அவர் மனசு நோகக்கூடாதுன்னுதான் இத்தனை வருஷம் வாயைத் திறக்கல" என்றாள். பிறகு சிரித்தாள். "உங்க புத்தகத்துல பாதிப் பக்கம் என் கத்தரிக்கோலுக்குப் பாடின பாட்டுதான் மாமா."

ஆதாரம் பரணில் இருப்பதாகச் சொல்லி ஏணியில் ஏறினாள். நான் கீழே பிடித்துக்கொண்டேன். தகர டப்பாவைத் திறந்து, வெட்டிய படச்சுருள் துண்டையும் அதில் சுற்றியிருந்த சீட்டையும் என்னிடம் நீட்டினாள். 'கையை வெட்டாதே' என்று எழுதியிருந்தது. தம்பியின் எழுத்துதான். அவனுக்கு அரிச்சுவடி பழக்கியவன் நான், எனக்குத் தெரியாதா?

"நாளைக்கு இதையும் காட்டப்போறேன். கெட்டியாப் பிடிங்க மாமா, இறங்கறேன்."

நான் கையை எடுத்தேன். ஏணி அசையவில்லை. அதனால் அதன் காலைப் பிடித்து இழுத்தேன்.

துண்டையும் சீட்டையும் அடுப்பில் எரித்து முடிக்க அரைமணி ஆயிற்று. அதுவரை அவளுக்கு உயிர் இருந்தது. தண்ணீர் கேட்டாள். ஆம்புலன்ஸைப் பிறகுதான் அழைத்தேன். கால் தவறி விழுந்தாள் என்று நான் சொன்னது பொய்.

கோபத்தில் செய்ததல்ல. வீட்டுக்கு வந்த பெண்ணை மரியாதையில்லாமல் நடத்துவது எங்கள் குடும்பத்தில் இல்லை. புத்தகத்தின் புதிய பதிப்பில் அவளுக்கென்றே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: படப்பிடிப்பு நடந்த நாள்களில் அனைவருக்கும் வேளை தவறாமல் தேநீர் கொடுத்தவள் என்று.