கடைசிப் பாட்டின் மூச்சு

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனின் பெரியப்பா மகனுக்கு நடந்தது. பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று நினைக்காதீர்கள்... ஞாயிற்றுக்கிழமை, பகல் மூன்று மணி. கிடங்குகளுக்குப் பின்னால் ஈ காக்கை இல்லாத ரோடு. அதன் கடைசியில் அவருடைய ரெக்கார்டிங் ஸ்டுடியோ. உள்ளே அவர் மட்டும்.

அவருடைய மாமனார் ஜாஸ் வாசிக்கும் சாக்ஸபோன்காரர். பியானோ, பாஸ், டிரம்ஸ் என்று மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு முந்தின நாள்தான் அங்கே ஒரு ஆல்பத்தை வாசித்து முடித்திருந்தார். மருமகன் வேலையை ஒருநாளும் வாய்விட்டுப் பாராட்டாத மனிதர். இந்தத் தடவையாவது அந்த ஒரு வார்த்தையை வாங்கிவிட வேண்டும் என்று மருமகனுக்கு வெறி.

மாமனாருக்கு நெஞ்சு பலவீனம். ஒவ்வொரு தடவை ஊதுவதற்கு முன்பும் 'ஸ்ஸ்ர்ர்' என்று அவர் இழுத்த மூச்சும் பதிவாகியிருந்தது. "மூச்சுல மட்டும் கை வைக்காதீங்க மாப்பிள்ளை. அதைக் கேட்டுத்தான் மத்த மூணு பேரும் கூட வர்றாங்க" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கேட்டால்தானே? சுத்தமாக இருந்தால் மெச்சுவார் என்று, ஒவ்வொரு மூச்சாக வெட்டினார் மருமகன். வெட்ட வெட்ட, அறையில் எச்சிலில் ஊறிய நாணல் வாசனை... சாக்ஸபோனின் ஊதுவாயில் கட்டியிருக்கும் நாணல் பட்டையில் அடிக்குமே, அது.

கடைசி மூச்சையும் வெட்டினார். போன் அடித்தது. மனைவி.

"அப்பாவுக்கு மூச்சே இல்லைங்க!"

அலறியடித்துக்கொண்டு, வெட்டியதையெல்லாம் திரும்ப ஒட்டினார். "வருது... வருதுங்க!" என்று மனைவி அழுதாள். ஆனால் கடைசிப் பாட்டின் கடைசி மூச்சை மட்டும் காணோம். தேடினார், தேடினார்... இல்லை.

"ஐயோ, மறுபடி நிக்குதுங்க!"

பாவம், என்ன செய்வார்? மைக்கைத் திறந்தார். தன் மூச்சையே ஒரு இழுப்பு இழுத்தார். மைக்கில் விழும் சத்தத்தைக் காட்டும் மீட்டரில் முள் துள்ளியது. அதை எடுத்து அந்த இடத்தில் வைத்துவிட்டார்.

மாமனார் பிழைத்துக்கொண்டார். அடுத்த வாரம் தானே நடந்து ஸ்டுடியோவுக்கு வந்து, கண்ணை மூடிக்கொண்டு ஆல்பம் முழுவதையும் கேட்டார். மேஜைமேல் மைக் திறந்தே இருந்தது.

"நல்லா இருக்கு மாப்பிள்ளை."

அவர் குரலுக்கு முள் துள்ளியது. மருமகனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கடைசிப் பாட்டுல கடைசியா இருக்கிற மூச்சு மட்டும் என்னோடது இல்ல" என்றார் மாமனார். "பரவாயில்ல... பழகிடுச்சு."

"ரொம்ப சந்தோஷம் மாமா" என்றார் மருமகன், மைக்குக்கு நேராக.

முள் அசையவில்லை.