பின்னாலிருந்து வரும் குரல்

உலகத் தரவரிசைப் பட்டியல் செவ்வாய்க்கிழமைதோறும் வெளியாகும். காலையில் சோறு சாப்பிட்டுக்கொண்டே கைபேசியில் அதைப் பார்ப்பது என் பழக்கம். இறகுப்பந்து ஆடுகிறவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள், மற்றவர்கள் மழை வருமா என்று பார்ப்பதைப் போல.

சென்ற செவ்வாய்க்கிழமை எங்கள் பெயர் அதில் இல்லை. அதனால்தான் இந்தக் காவல் நிலையத்துக்கு நானே வந்தேன். வந்ததும் தேநீர் கொடுத்தீர்கள். சர்க்கரை அதிகம், பரவாயில்லை.

ஒரு வருடத்துக்கு முன், என் மனைவி இறந்த மறுநாள், இதே மேசையில் நான் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதில் ஒரு வாக்கியம் தவறு. அதைத் திருத்த வேண்டும். ஆனால் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் அந்தத் திருத்தம் உங்களுக்குப் புரியாது.

வெனிங்கும் நானும் பதினைந்து வயதில் ஜோடியானோம். கலப்பு இரட்டையர். எட்டு வருடம் கழித்துத் திருமணம் செய்துகொண்டோம். அதற்குள் எங்கள் ஊர் சலாத்திகாவில் பாதிப் பேர் எங்களைக் கணவன் மனைவி என்றே நினைத்திருந்தார்கள்.

கலப்பு இரட்டையரில் பெண் வலையருகே நிற்பாள், ஆண் பின்னால் நிற்பான். முன்னால் இருப்பவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் அடுத்த பந்து முகத்தில் விழும். வேகமாக வரும் பந்து கோட்டுக்கு உள்ளே விழுமா, வெளியே போகுமா என்பது அவள் நிற்கும் இடத்திலிருந்து சரியாகத் தெரியாது. பின்னால் இருப்பவனுக்குத் தெரியும். அவன் "எடு" என்றால் எடுப்பாள். "விடு" என்றால் மட்டையைத் தாழ்த்துவாள். யோசிக்க நேரம் கிடையாது. காது கேட்கும், கை செய்யும், அவ்வளவுதான்.

பன்னிரண்டு வருடம் நான் அதிகமாகப் பார்த்தது அவள் முதுகைத்தான். கழுத்தில் ஒரு மச்சம். அதற்கு மேலே பச்சை ரப்பர் வளையம் போட்ட கூந்தல். அந்த மச்சம் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பிக் கேள்வி கேட்டதில்லை.

போன வருடம் ஆகஸ்டில் ஜகார்த்தாவிலிருக்கும் தேசியப் பயிற்சி முகாமிலிருந்து கடிதம் வந்தது. வெனிங்கை மட்டும் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே பிமோ என்று ஒரு பையன், இருபத்திரண்டு வயது, என்னைவிட ஒரு சாண் உயரம். இனி அவள் அவனோடு ஆட வேண்டும். எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் தொழிலில் ஜோடி மாற்றுவது சாதாரண விஷயம். மேலே இருப்பவர்கள் சீட்டைக் கலைப்பது போலக் கலைப்பார்கள். மூன்று ஜோடி மாறியும் சிரித்த முகமாக இருக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

அவள் கிளம்புவதற்கு முன் சுரபாயாவில் ஒரு போட்டி பாக்கி இருந்தது. முன்பே பெயர் கொடுத்திருந்தோம். காலிறுதி, மூன்றாவது ஆட்டம், பத்தொன்பதுக்கு இருபது என்று பின்தங்கியிருந்தோம். எதிராளி அடித்த பந்து அவள் தோளுயரத்தில் வந்தது. உள்ளே விழும் என்று எனக்குத் தெரியும். "விடு" என்றேன்.

விட்டாள். கோட்டுக்கு இரண்டு சாண் உள்ளே விழுந்தது. தோற்றோம்.

அன்று மாலை அரங்குக்கு வெளியே ஒரு சோத்தோ கடையில் சூப்பும் சோறும் சாப்பிட்டோம். எங்கள் பயிற்சியாளர் ஹாலிமும் வந்திருந்தார். சீனக் குடும்பத்துக்காரர், எல்லோருக்கும் அவர் "கோ", அதாவது அண்ணன்.

"ஏன்டா டானர், கோடு எங்க இருக்குன்னு மறந்துபோச்சா? இல்ல, பாதி ஆட்டத்துல யாராவது வந்து அழிச்சு வரைஞ்சாங்களா?" என்றார்.

வெனிங் முந்திக்கொண்டாள். "என் தப்புதான், கோ. வெளிய போகும்னு நான்தான் நெனச்சேன்."

"நீ நெனச்ச. உன் புருஷன் கத்துனது மேல் வரிசை வரைக்கும் கேட்டுச்சு."

"அது எனக்குச் சொன்னது. நீங்க எதுக்கு ஒட்டுக் கேக்குறீங்க?"

கடைக்கார அம்மாள் சிரித்தாள். "இந்தப் பொண்ணு ஜகார்த்தா போறப்ப, புருஷன் குரலையும் ஃபோன்ல பிடிச்சுக் குடுத்து அனுப்பணும் போல."

"குடுத்தனுப்புங்கம்மா. அந்தப் பிமோ வாயே தொறக்க மாட்டானாம்" என்றார் கோ ஹாலிம்.

வெனிங் மிளகாய்த் துவையலைக் கரண்டியில் எடுத்து என் கிண்ணத்தில் போட்டபடி, அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே என்னிடம் கேட்டாள். "போதுமா, மஸ்?"

கல்யாணமான நாளிலிருந்து என்னை மரியாதையாக "மஸ்" என்றுதான் கூப்பிடுவாள். போதும் என்றேன். கிண்ணத்தைப் பார்க்காமலே நிறுத்தினாள்.

திரும்பி வரும் ரயிலில் அவளிடம் கேட்டேன். "ஏன் உன் தப்புன்னு சொன்ன?"

"நீங்க விடுன்னு சொன்னீங்க. நான் விட்டேன். அப்ப அது நம்ம தப்புதானே? அந்த மனுஷன்கிட்ட எதுக்கு அதையெல்லாம் வெளக்கிக்கிட்டு."

"பிமோ விடுன்னு சொன்னாலும் விடுவியா?"

"பழகிக்கணும், மஸ்."

நியாயமான பதில். அவள் வேறு எதுவும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்கு அந்த ஒரு சொல் கேட்டுக்கொண்டே இருந்தது.

பட்டியலில் ஜோடியின் பெயர் ஒரே வரியில் இருக்கும். அவள் பிமோவோடு ஆடத் தொடங்கினால் அவள் பெயர் இரண்டு வரிகளில் வரும். மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே இருப்பது ஏறும். கீழே இருப்பது, எங்களுடையது, பழைய புள்ளிகள் காலாவதியாக ஆக, இறங்கும். ஒரு வருடம் முழுக்க ஒவ்வொரு செவ்வாயும் நான் அதைச் சாப்பாட்டோடு பார்க்க வேண்டும். அவள் ஆடுவதை நிறுத்திவிட்டால் எங்கள் வரியும் இறங்கத்தான் செய்யும், ஆனால் அவள் பெயருக்குப் பக்கத்தில் வேறு பெயர் வராது. இதை நான் கோபத்தில் யோசிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்தவன். கணக்காகத்தான் யோசித்தேன்.

ஒரே ஒரு சோதனையை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்பதும் அங்கே கற்றதுதான்.

எங்கள் வீட்டுச் சந்து உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் மதில். காரைப் பின்பக்கமாகத்தான் பெரிய சாலைக்கு எடுக்க முடியும். மெராபி எரிமலைப் பக்கமிருந்து மணல் ஏற்றிய லாரிகள் அந்தச் சரிவில் வேகமாக இறங்கும். ஓட்டுகிறவளுக்கு மதிலைத் தவிர எதுவும் தெரியாது. அதனால் நான் சாலையோரம் நின்று குரல் கொடுப்பேன். "நில்லு" என்றால் நிற்பாள், "வா" என்றால் வருவாள். நான்கு வருடம், தினமும் காலையில்.

அன்று திங்கட்கிழமை. அவள் செமராங் விமான நிலையத்துக்குக் கிளம்பினாள். பெட்டியைப் பின்னால் வைத்தேன். எதிர் வீட்டு பார்மி அக்கா விற்பதற்காக வெண்டைக்காயைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வெனிங், பெரிய ஆளானதும் எங்களையெல்லாம் மறந்துடாதடி."

"உங்க கடன் வெண்டைக்கா மறக்க விடுமா அக்கா?" என்று கண்ணாடியை இறக்கிச் சொன்னாள். பிறகு என்னிடம், "பார்த்துக்குங்க, மஸ்" என்றாள்.

நான் போய் என் இடத்தில் நின்றேன். மேட்டில் மஞ்சள் லாரி திரும்புவதைப் பார்த்தேன். மனதில் நான்கு வரை எண்ணினேன். "வா" என்றேன்.

ஓட்டுநரை நீங்கள் இரண்டு வாரம் காவலில் வைத்தீர்கள். அவர் மீது தவறில்லை. வேகமாக வந்தார், ஆனால் அங்கே எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள்.

பிறகு ஊரே என்னிடம் அன்பாக இருந்தது. ஏழாம் நாள், நாற்பதாம் நாள், நூறாம் நாள் தொழுகைக்கெல்லாம் வீடு கொள்ளாத கூட்டம். பார்மி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் கண்ணு தப்புனது ஒரே ஒரு தடவைதானேப்பா" என்று அழுதார். நான் ஆறுதல் சொன்னேன்.

நூறாம் நாள் கோ ஹாலிம் சுரபாயா ஆட்டத்தின் காணொளியைக் கொண்டுவந்து கொடுத்தார். "கடைசியா ஆடுனது. உங்கிட்ட இருக்கட்டும்" என்றார். வழக்கமான கிண்டல் எதுவும் இல்லை. வாசலில் செருப்பைத் தேட வெகு நேரம் எடுத்துக்கொண்டார்.

வலைக்கு எதிர்ப்புறத்திலிருந்து எடுத்த படம் அது. பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக, ஆடும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று பார்த்தேன். மெதுவாக ஓட விட்டுப் பார்த்தேன். பந்து வருகிறது. அவள் மட்டை ஏற்கெனவே மேலே போய்விட்டது. உள்ளே விழும் பந்து என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, கண்ணில் தெரிகிறது. என் குரல் கேட்கிறது. அவள் கண் ஒரு கணம் சுருங்குகிறது. மட்டை தாழ்கிறது.

நம்பி விடவில்லை. தெரிந்தே விட்டிருக்கிறாள்.

அதைப் பார்த்த பிறகு எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

இப்போது அந்தத் திருத்தம். "நான் ஒருமுறை 'வா' என்றேன், அவள் வந்தாள்" என்று என் வாக்குமூலத்தில் இருக்கிறது. அது தவறு. முதல் "வா"வுக்குக் கார் நகர்ந்தது. பிறகு லாரியின் ஹாரன் கேட்டது. காரின் பின்னால் பிரேக் விளக்கு எரிந்தது. கார் நின்றுவிட்டது, சந்துக்குள்ளேயே, பத்திரமாக. பக்கவாட்டுக் கண்ணாடியில் அவள் கண்கள் தெரிந்தன. என்னைத்தான் பார்த்தாள். நான் இரண்டாவது முறை "வா" என்றேன். சத்தமாகக்கூட இல்லை. சிவப்பு விளக்கு அணைந்தது.

எனவே தயவுசெய்து இரண்டு முறை என்று எழுதுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். குற்றம் செய்தவர் என்ற இடத்தில் என் பெயரை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. நான் சொன்னேன், அவள் செய்தாள். நாங்கள் எப்போதும் அப்படித்தான் ஆடினோம். பக்கத்தில் அவள் பெயரையும் சேர்த்து, ஒரே வரியில் எழுதுங்கள்.