கஞ்சி வரிசையும் உளுந்து வரிசையும்

ஓடுகிறேன். இடுப்பில் இளையவள். காலுக்குக் கீழே சுடுமணல். பின்னால் கஞ்சி வரிசை. அதில் என் கணவர் குமரன். மூத்தவள் நிலா. அவள் கையில் தூக்குவாளி.

வன்னிக் கடற்கரை. போரின் கடைசி மாதங்கள். காலை ஒன்பதரை.

தொலைவில் இன்னொரு 'டும்'. அது செல், பீரங்கிக் குண்டு, புறப்படும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு செல் பறந்து வரும் கூவல். கூவல் கேட்டால் மூன்று எண்ணுவதற்குள் விழும்.

"படுங்கோ! செல் வருது, படுங்கோ!"

யாரோ கத்தினார்கள். நான் படுத்தேன். வரிசையில் பலர் படுக்கவில்லை. படுத்தால் இடம் போய்விடும். இரண்டு நாளாகச் சாப்பிடாதவர்கள். செல் வரிசை மேலேயே விழுந்தது.

பிறகு முள்வேலி முகாம். பிறகு படகு. பிறகு கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் இந்த அகதி முகாம். இளையவள் இங்கேதான் வளர்ந்தாள்.

முகாமுக்கு அடுத்தது காலனி. நிலமில்லாத கூலிக்காரர்கள். அங்கே பெருமாளண்ணன் நடவுக்கு ஆள் சேர்ப்பவர். நாங்களும் வயலில் இறங்கினால் அவர்கள் ஆட்களுக்கு வேலை குறையும். தெரிந்தேதான் எங்களையும் கூட்டிப்போனார். நாற்றை எப்படிப் பிடிப்பது என்று அவர் மனைவி அஞ்சலையக்கா எனக்குக் காட்டித் தந்தார்.

போன மழையில் ஏரி உடைந்தது. காலனிக்காரர்கள் குத்தகைக்கு எடுத்த வயல்களில் மணல் மேவியது. முகாம் மேட்டில் இருந்ததால் தப்பியது. ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. அகதிகளுக்கு அரிசி என்றது. எங்களுக்கு இடம் கொடுத்த ஊர் பட்டினி கிடக்கிறது என்றோம். அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கத்துக்கும் அரிசி. காலனிக்கு விதை உளுந்தும். பெயர் வாசிக்க என்னை வைத்தார்கள்.

வியாழக்கிழமை. பள்ளிக்கூட மைதானம். லாரி வந்து நிற்கிறது. வெயில் ஏறுகிறது. முகாம் வரிசையும் காலனி வரிசையும் ஒன்றாகக் கலக்கின்றன.

"மூட்ட கம்மியாம்!"

யார் சொன்னது, தெரியவில்லை. பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். பெருமாளண்ணன் லாரிக்கு முன்னால் கையை விரித்து நிற்கிறார்.

"தள்ளாதீங்க! அல்லாருக்கும் இருக்குது!"

என் கண் வானத்துக்குப் போகிறது. வரிசை என்றாலே எனக்கு அப்படித்தான்.

பதினொன்று பத்து. 'டும்'.

கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு கல்குவாரி. மதியம்தான் வெடி வைப்பார்கள். சங்கு ஊதிவிட்டு வைப்பார்கள். அன்று சங்கு கேட்கவில்லை.

என் கையில் மைக் இருந்தது.

"படுங்கோ! செல் வருது, படுங்கோ!"

முகாம்காரர்கள் அப்படியே விழுந்தார்கள். காலனிக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. லாரி வெடித்தது என்று நினைத்தார்கள். ஓடினார்கள். படுத்துக் கிடந்தவர்கள் மேல் ஓடினார்கள்.

நானும் மண்ணில் கிடந்தேன். கூவலுக்காகக் காத்திருந்தேன். எண்ணினேன். மூன்று தாண்டியது. கூவல் வரவில்லை. தலையைத் தூக்கினேன்.

"ஏந்திரிங்கமா! மிதிக்கிறாங்க, ஏந்திரிங்க!"

பெருமாளண்ணன் குனிந்து எங்கள் கிழவி ஒருத்தியைத் தூக்குகிறார். தூக்கிவிட்டார். அவர் விழுந்தார். அவரைக் கூட்டம் மூடியது.

"குந்துங்க! அல்லாரும் குந்துங்க!"

அஞ்சலையக்காவின் குரல். மைக் இல்லாத குரல். ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். புழுதி அடங்கியது. பெருமாளண்ணன் குப்புறக் கிடந்தார்.

ஷேர் ஆட்டோவில் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனோம். வழியிலேயே மூச்சு நின்றது. ஆஸ்பத்திரித் தாளில் மாரடைப்பு என்று எழுதினார்கள். அவர் முதுகில் செருப்புத் தடங்கள் இருந்தன. நான் பார்த்தேன். அதனால் எழுதுகிறேன். என் வாயால் வந்ததையும் எழுதுகிறேன்.

காரியம் முடிந்த மறுநாள் அஞ்சலையக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றேன்.

"வூட்டுக்குள்ள வா. வெளிய நின்னுக்கினு இன்னா பண்ற?"

"அக்கா, நான்தான் கத்தினனான்."

"தெரியும். நானும் அங்கதான இருந்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "உன் காது அப்பிடி ஆயிடுச்சி. நீ இன்னா பண்ணுவ. ஆனா உன் கொரல என்னால இப்ப கேக்க முடியல. கொஞ்ச நாளு போவட்டும்."

திரும்பி வந்தேன்.

உளுந்தை அடுத்த வாரம் வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். முதலிலேயே அப்படிச் செய்திருக்கலாம். அஞ்சலையக்கா குத்தகை அரைக்காணியில் மணலை வாரியெடுத்துவிட்டு விதைத்தார். முகாம் பெண்கள் எட்டுப் பேர் உதவப் போனார்கள். நான் போகவில்லை.

கஞ்சி வரிசையில் போனவர்கள். குமரன், வயது முப்பத்தாறு. நிலா, வயது ஒன்பது. பெயர் தெரியாத மற்றவர்கள். அவர்களை யாரும் எண்ணவில்லை.

உளுந்து வரிசையில் போனவர் பெருமாளண்ணன், வயது ஐம்பத்திரண்டு. கை முறிந்தவர்கள் இரண்டு பேர். விலா எலும்பு முறிந்தவர் ஒருவர். மண்ணில் கொட்டி அள்ள முடியாமல் போனது ஒரு மூட்டை உளுந்து.

அஞ்சலையக்கா என்னோடு பேசி நான்கு மாதமாகிறது.