பதினேழாவது பெயர்

தங்கை: ...அந்த மூட்டையை மேல வை அண்ணா. அலை அடுப்படிக்கே வந்துடுச்சு, நீ என்னடான்னா பிடிச்சு வச்ச மாதிரி உக்காந்திருக்கே!

அண்ணன்: வைக்கறேன், வைக்கறேன். லாரி நாளைக்குத்தானே?

தங்கை: லாரி நாளைக்கு. குழி தோண்டற ஆளுங்க இன்னிக்கே வராங்க.

அண்ணன்: எந்தக் குழி?

தங்கை: ஒண்ணும் தெரியாத மாதிரி கேளு! மத்த பழங்குடி ஊருக்கெல்லாம் மேட்டுல வீடு குடுத்ததோட அரசாங்கம் கையைக் கழுவிடுச்சு. நாம சண்டை போட்டுல்ல வாங்கினோம், செத்தவங்களையும் எடுத்துட்டுப் போய் அங்க புதைச்சுத் தரணும்னு? பட்டியல்ல என் மக பேரு பதினேழாவது.

அண்ணன்: நீயா எழுதிக் குடுத்தே?

தங்கை: பெத்தவ நான் குடுக்காம?

அண்ணன்: ...வேண்டாம்மா. ஆறு வருஷமா தூங்கற குழந்தை. எழுப்பாதே.

தங்கை: கடல் எழுப்பினா பரவாயில்லையா?

அண்ணன்: அவ தலைமாட்டுக் கல்லு மரத்துக்குப் பின்னாடிதானே இருக்கு. ரெண்டு வருஷம் தாங்கும்.

தங்கை: அப்புறம்? நீ நீந்திப் போய்ப் பிடிச்சுட்டு வருவியா? உன் நீச்சல் லட்சணம் எனக்குத் தெரியாதா...

அண்ணன்: விளையாடாதே. எலும்பைப் பாத்தா நீ தாங்க மாட்டே.

தங்கை: திரும்பி நின்னுக்கறேன்.

அண்ணன்: இரு, ஆபீசரைப் பாத்து அந்தப் பேரை அடிக்கச் சொல்லிட்டு...

தங்கை: போனே, இந்த ஜென்மத்துல உன்கூடப் பேச மாட்டேன். உக்காரு!

அண்ணன்: ...கேட்டுட்டு அடிச்சாலும் சரி. போன வருஷம் புயல் அன்னிக்கு நீ ஆஸ்பத்திரியில இருந்தே...

தங்கை: இருந்தேன்.

அண்ணன்: இடுகாட்டுல முன்வரிசை மொத்தமும் போயிடுச்சும்மா. அவ கல்லு மட்டும் மணல்ல கிடந்துது. நான்தான் தூக்கிட்டு வந்து, மரத்துக்குப் பின்னாடி அவ பழைய இடத்துலயே மணலை மூடி நட்டேன். தினம் நீ உக்காந்து பேசறியே... அடியில யாரும் இல்ல.

தங்கை: ...தெரியும்.

அண்ணன்: என்னது?

தங்கை: அவளைக் கிழக்கால தலை வச்சுப் படுக்க வச்சோம். நீ கல்லை மேற்கால நட்டிருந்தே. வந்த அன்னிக்கே தெரியும். உன் மூஞ்சியைப் பாத்துட்டுத்தான் கேக்கலை.

அண்ணன்: அப்புறம் எதுக்கும்மா தோண்டச் சொல்றே? வெறும் குழின்னா அவங்களே பேரை அடிச்சுடுவாங்களே!

தங்கை: வெறும் குழி இல்லண்ணா. அவ மஞ்சக் கவுனை ஒரு பெட்டியில மடிச்சு வச்சு, நேத்து நான்தான் புதைச்சேன். வண்டி வர சத்தம் கேக்குது... கண்ணைத் துடை. "பாத்து, மெதுவா எடுங்க"ன்னு நீதான் முன்னாடி நின்னு சொல்லணும்.