உட்பக்கத்து இலைகள்

நாவல் மரத்துக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. தானாக முளைத்துத் தானாக நிற்கிற சாதி அது. லிங்கநகரில் முப்பது வருடமாக மரக்கன்று விற்றும் கொப்பு வெட்டியும் சீவிக்கிற நான் ஒருவருக்கும் ஊற்றச் சொன்னதில்லை, ஐயா. யோகலிங்கத்துக்கு மட்டும் சொன்னேன்.

அவர் நான்கு வருடத்துக்கு முன்னர் கொழும்பிலிருந்து மகனோடும் மருமகள் நிஷாந்தினியோடும் வந்து, துறைமுகம் தெரிகிற மேட்டில் ஒரு பழைய வீடு வளவை வாங்கினார். முற்றத்தில் பெரிய நாவல். மத்தியானம் சாப்பிட்டதும் அதன் கீழே சாய்மனைக் கதிரையைப் போட்டுக் கண் அயர்வார். மரத்தைப் பராமரிக்க என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுசன், தேத்தண்ணி தராமல் ஒருநாளும் விட்டதில்லை. முதல் நாள் செருப்பில்லாமல் வந்து நின்றார். வலது பெருவிரலில் நகம் இல்லை.

அந்தப் பாதத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். தொண்ணூறாம் ஆண்டு ஆமிக்காரரின் சுற்றிவளைப்பில் எங்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். நீங்கள் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள். ஜீப்பில் ஒருவனைச் சாக்கால் மூடி இருத்தியிருந்தார்கள். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அவரை ஏற்றிப்போவார்கள். அந்த ஆளுக்கு எங்கள் சனம் வைத்த பெயர் தலையாட்டி. அதைவிடக் கேவலமான பெயர் எங்களிடம் இல்லை. என் தம்பிக்குப் பத்தொன்பது வயது, ஒரு குற்றமும் செய்யாதவன். அவன் முன்னால் போனதும் சாக்கு அசைந்தது. பிறகு அவனை நாங்கள் காணவில்லை. நான் சாக்குக்குக் கீழே தெரிந்த காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். பெருவிரலில் நகம் இல்லை.

கத்தி எடுக்கிற ஆள் இல்லை நான். எனக்குத் தெரிந்தது மரம்.

இலையுதிர்க்கிற மரம் வெயில் கூடினால் மொட்டையாகி, தனக்கு ஏலாது என்று காட்டிவிடும். நாவல் போல எந்நேரமும் பச்சையாக நிற்கிற மரம் காட்டாது. கச்சான் காற்று மாதக்கணக்கில் மண்ணை வறுக்கும்போது, இலையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத வாய்கள் இருக்கின்றன, அவற்றை மூடிக்கொள்ளும். பிறகு உட்பக்கத்துப் பழைய இலைகளைக் கொட்டும். நுனியில் பச்சை அப்படியே இருக்கும். வேர் செத்தது மேலே தெரிய ஒரு வருடம் பிடிக்கும். அதற்குள் ஒரு காற்றும் இல்லாத சூடான மத்தியானத்தில் பெருங்கொப்பு முறிந்து விழலாம். நாவல் கொப்பை நம்பக்கூடாது என்று பழம் பறிக்க ஏறுகிற பிள்ளைகளுக்கே தெரியும்.

மழை வேருக்கு இறங்காதபடி முற்றத்துக்குச் சீமெந்து போடச் சொன்னேன். மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வரும் என்று பயங்காட்டி, மேட்டுப்பக்கமாக வாய்க்கால் வெட்டி, அங்கே ஓடிய வேர்களை அறுத்தேன். அடிமரத்தில் தினமும் இரண்டு வாளி ஊற்றச் சொன்னேன். குடிக்கிற வேர்கள் கொப்பு விரிந்த எல்லையில் இருக்கின்றன. அடியில் ஊற்றினால் அடிதான் அழுகும். அவர் ஒருநாளும் தவறாமல் ஊற்றினார். எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது, மறைக்கமாட்டேன்.

இரண்டு கச்சான் காலம் போனது. இந்த ஆவணியில் நிஷாந்தினி மரத்தடியைக் கூட்டிக்கொண்டு நின்றவள் என்னிடம் வந்தாள்.

"சிவகுரு ஐயா, உள்பக்கமா இலை கொட்டுது. கொப்பும் ஒரு மாதிரிச் சத்தம் போடுது. மாமா இதுக்குக் கீழ படுக்கிறார், எனக்குப் பயமாக் கிடக்கு."

யோகலிங்கம் கதிரையில் இருந்தபடி சிரித்தார். "வெளியில பச்சையாத்தானே நிக்குது, பிள்ளை. என்ன சிவகுரு, பயமில்லைத்தானே?"

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பயமில்லை என்று தலையை ஆட்டினேன்.

பதினொரு நாள் கழித்து, இலைகூட அசையாத ஒரு மத்தியானம் கொப்பு விழுந்தது. அவர் நித்திரையில் போய்விட்டார். என் தம்பிக்கு அந்தப் பாக்கியம் கிடைத்திருக்காது.

செத்த வீட்டில் பின்வரிசை வாங்கில் இருந்தேன். யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் நிஷாந்தினி எழும்பி வந்து, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். "நாங்கள் கேட்டனாங்கள். இவர்தான் தலையாட்டினவர்."

சின்னப் பிள்ளை, அவளுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியாது. ஆனால் அங்கிருந்த வயதான ஆட்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் நானாக நடந்து பொலிசுக்கு வந்தேன்.

நேற்று இதையெல்லாம் வாயால் சொன்னபோது நீங்கள் அவருடைய பழைய கடவுச்சீட்டைக் கொண்டுவந்து காட்டினீர்கள். தொண்ணூறாம் ஆண்டு முழுக்க அவர் மஸ்கட்டில். முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சரி, ஆள் மாறிவிட்டது. இந்தக் கரையில் நகமில்லாத பெருவிரலுக்கா பஞ்சம். சாக்குக்குள் இருந்தவனும் பிழையான ஆளுக்குத்தான் ஆட்டினான், ஆனால் அவன் அதைத் தெரிந்தே செய்தவன். நான் அப்படி இல்லை.

திட்டம் போட்டேன், வேரை அறுத்தேன், ஒரு மனுசனைக் கொன்றேன். கொலைகாரன் என்று எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். நிஷாந்தினியின் வாக்குமூலத்தில் தலையாட்டினவர் என்று இருக்கிறதாமே. அந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டிவிடுங்கள், ஐயா. அது மானமுள்ள மனுசனுக்குச் சொல்கிற சொல் இல்லை.